பெயர் சொல்லி மன்றாடுதல்



நாளை சபைகளைப் பொறுப்பேற்கவிருக்கும் மாணவ மாணவியரே, பிறருக்காக ஜெபிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் சபைகளில் இதைவிட அதிகமாகக் கொடுக்கப்படும் வாக்கு வேறில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகில், மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமல் போன வீட்டில், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின நாளில், துக்க வீட்டு வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டே “ஜெபம் பண்ணிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வருகிறோம். அன்றிரவு அந்தப் பெயரை ஆண்டவர் முன் எடுத்துச் சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். என் கவலை வேறு. அந்த வாக்கு நம்மிடையே ஆறுதல் மொழியாகச் சுருங்கிவிட்டது. வேதமும் சபையின் வரலாறும் அதை ஒரு வேலையாகக் காட்டுகின்றன. ஆளை அறிந்து, பெயரைச் சொல்லி, நேரம் ஒதுக்கிச் செய்கிற வேலை. செய்கிறவரைச் சும்மா விடாத வேலை.

ஆபிரகாம் சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை இறங்கி வழக்காடியதும், பொன் கன்றுக்குட்டியைச் செய்த ஜனத்துக்காகத் தம் பெயரையே அழித்துவிடச் சொல்லி மோசே நின்றதும் உங்களுக்கு வகுப்பறைப் பாடம். அவர்களை விட்டுவிட்டு, பிரசங்கங்களில் அவ்வளவாக இடம்பெறாத இரண்டு பேரிடம் போகிறேன்.

ஒருவர் முதிய சாமுவேல். எங்களுக்கு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டு, வாழ்நாள் முழுவதும் தங்களை நியாயம் விசாரித்தவரை ஒதுக்கிவிட்டார்கள். ஒன்று சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவர் அந்த ஜனத்துக்கு முன்பாகவே நின்று, யாருடைய மாட்டையாவது கழுதையையாவது எடுத்ததுண்டா என்று கேட்டுத் தம் கணக்கை ஒப்படைக்கிறார். பொறுப்பு கைமாறிவிட்டது. மனம் கசந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ, உங்களுக்காக ஜெபிப்பதை நான் நிறுத்தினால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்கிறார். ஜனங்களுக்குச் செய்யும் குறை என்று அவர் சொல்லவில்லை. தம்மை ஒதுக்கியவர்களுக்காக ஜெபிக்காமலிருப்பதை அவர் பாவம் என்றே வைக்கிறார். ஆயர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது, தமக்கு எதிராக மனுப் போட்டவர்களையும் ஜெபத்தில் கூட்டிக்கொண்டு போகிறாரா என்று இந்த அதிகாரம் கேட்கிறது.

மற்றவர் எப்பாப்பிரா. கொலோசெயர் நிருபத்தில் இரண்டு இடம், பிலேமோன் நிருபத்தில் ஒரு வரி. அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான். கொலோசெ ஊர்க்காரர். பவுலோடு காவலில் இருந்தவர். அங்கிருந்தபடியே கொலோசெ, லவோதிக்கேயா, எராப்போலி என்ற மூன்று ஊர்ச் சபைகளுக்காகவும் ஜெபத்தில் போராடுகிறார் என்று பவுல் சாட்சி கொடுக்கிறார். மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அந்த ஊர்களின் ஆட்களையும் ஆபத்துகளையும் அறிந்தவர் என்பதால் அவரால் அப்படிப் போராட முடிந்தது. பிரசங்கம் செய்ய வழியில்லாத காவலிலும் அவருக்கு ஊழியம் இருந்தது. நம் சபைகளில் நடக்க முடியாமல் கட்டிலோடு இருக்கும் பாட்டிமாரைப் பார்க்கப் போகும்போது அவர்களுக்காக ஜெபித்துவிட்டு வருகிறோம். அவர்களிடம் ஜெபப் பட்டியலைக் கொடுத்து, “அம்மா, இந்த வாரம் இவர்கள் உங்கள் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு வருவதில்லை. எப்பாப்பிராவைப் படித்த சபை அப்படிச் செய்ய வேண்டும்.

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னா நகரத்தின் கண்காணியாகிய பாலிகார்ப்பு கொல்லப்பட்ட வரலாற்றை அந்தச் சபையாரே எழுதிவைத்தார்கள். பிடிக்க வந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு போடச் சொல்கிறார் அந்த முதியவர். ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்கிறார். நின்றபடி இரண்டு மணி நேரம் ஜெபிக்கிறார். என்ன ஜெபித்தார் என்பதையும் சபையார் குறித்திருக்கிறார்கள்: தம் வாழ்நாளில் தாம் சந்தித்த சிறியோர், பெரியோர், பேர்பெற்றவர், பேரில்லாதவர் எல்லோரையும் நினைவுகூர்ந்தார், உலகெங்கும் உள்ள சபைக்காகவும் மன்றாடினார். சாவு வாசலில் நிற்கிறபோது தமக்கென்று கேட்டுக்கொள்ள எவ்வளவோ இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் பிறர் பெயர் சொல்ல ஒருவரால் முடிகிறது என்றால், அது அன்று தொடங்கிய பழக்கமாக இருக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் தினமும் செய்துவந்ததை அவர் அன்றும் செய்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆதிச் சபையின் ஜெபம் அகலமாகவும் இருந்தது. ஏறக்குறைய கி.பி. 197இல் தெர்த்துல்லியன் எழுதிய வாதநூலில், தங்களைத் துன்புறுத்தும் பேரரசரின் நீண்ட ஆயுளுக்காகவும் அவருடைய வீட்டின் நலனுக்காகவும் கிறிஸ்தவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள் என்று சொல்கிறார். ஆங்கிலிக்கன் மரபில் வந்த நம் சபைகளுக்குக் கிரான்மர் 1544இல் அமைத்துக் கொடுத்த லித்தானியாவை எடுத்துப் பாருங்கள். நிலத்திலும் நீரிலும் பயணம் செய்வோர், பிரசவ வேதனைப்படும் பெண்கள், நோயாளிகள், சிறு குழந்தைகள், கைதிகள், சிறைப்பட்டோர், தகப்பனற்ற பிள்ளைகள், விதவைகள், ஒடுக்கப்பட்டோர், கடைசியில் சத்துருக்களும் அவதூறு பேசுகிறவர்களும் என்று அது ஊர் முழுவதையும் சுற்றி வருகிறது. ‘எங்கள் சபையைச் சேர்ந்த’ என்ற அடைமொழி இவர்கள் யாருக்கும் அதில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலும் நெடுங்காலமாக வழக்கொழிந்திருந்த பொது மன்றாட்டை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டின் வழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் மீண்டும் கொண்டுவந்தது.

இன்று நம் ஞாயிறு ஆராதனைகளில் வாசிக்கப்படும் ஜெபக் குறிப்புகளைக் கேளுங்கள். வெளிநாட்டு விசா, வீட்டுக் கடன், மருத்துவக் கல்லூரி இடம், வரன், பதவி உயர்வு. இவற்றைக் கேட்பது தவறென்று சொல்லவில்லை. தகப்பனிடம் பிள்ளை எதையும் கேட்கலாம். ஆனால் கேட்கப்படுவது எல்லாமே நம் வீடுகளுக்குள் இருந்தால், நாம் ஒரு குடும்பச் சங்கமாகிவிடுகிறோம். பாளையங்கோட்டையில் மத்திய சிறை இருக்கிறது. கைதிகளின் பெயரால் ஒரு வேண்டுதல் நம் ஆலயங்களில் எத்தனை ஞாயிறுகளில் எழுகிறது? நம் தெருக் குப்பையை அள்ளுகிறவர், கடலில் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் மீனவர், அவர் இழுவை மடியால் வலையறுந்து நிற்கும் வடமாகாண மீனவர் ஆகிய மூவருக்காகவும் ஒரே மூச்சில் ஜெபிக்கிற சபை எங்கே இருக்கிறது? இந்தக் கடைசி இருவரையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் மன்றாட்டின் கடினம் தெரிகிறது. ஒரு கரைக்காக மட்டும் ஜெபிப்பது எளிது.

ஜெபத்துக்குச் செய்தி வேண்டும். தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கும் அவருடைய தோழர்களும் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் 1710 முதல் அச்சிட்டுப் பரப்பினார்கள். அதனால்தான் கடலுக்கு அப்பால் இருந்த குடும்பங்கள் சோழமண்டலக் கரையின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்க முடிந்தது. ஹாலேயில் பள்ளி மாணவனாக இருந்தபோது அந்தச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில்தான் 1727 ஆகஸ்டில் மொராவிய விசுவாசிகளில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரமாக இரவு பகல் மாறி மாறி ஜெபிக்க உடன்படிக்கை செய்தார்கள். அந்தச் சங்கிலி ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறுபடவில்லை என்று அவர்கள் வரலாறு சொல்கிறது. 1760இல் அதே மொராவியர்கள் தரங்கம்பாடிக்கே வந்து சேர்ந்தார்கள். ஜெபித்தவர்கள் புறப்பட்டு வந்துவிட்டார்கள். இது அடிக்கடி நடக்கும். ஓர் ஊருக்காகப் பத்து வருஷம் ஜெபித்தால், அந்த ஊருக்குப் போக மாட்டேன் என்று சொல்வது கடினமாகிவிடுகிறது.

இப்போது நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

பெர்லின் மாநகரின் புனித ஹெட்விக் பேராலயத்தின் மூத்த குரு பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க். 1875இல் சைலீசியாவில் பிறந்தவர். 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. அதற்குப் பிறகு மாலை வழிபாட்டில் லிக்டன்பெர்க், வெளியே எரிவதும் கடவுளின் வீடுதான் என்று சொல்லி, யூதர்களுக்காக வாய்விட்டு ஜெபித்தார். ஒருநாள் செய்துவிட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாலையும், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், யூதர்களுக்காகவும் வதைமுகாம்களில் இருந்தவர்களுக்காகவும் பேராலயத்தில் எல்லோர் காதிலும் விழும்படி மன்றாடினார். அந்த ஆண்டுகளில் ஜெர்மனியின் பெரும்பாலான பிரசங்க பீடங்கள் யூதர் என்ற பெயரை எடுக்கவே இல்லை.

1941 ஆகஸ்ட் 29ஆம் தேதி மாலை, ஆலயத்துக்குள் வந்திருந்த இரண்டு மாணவிகள் அந்த ஜெபத்தைக் கேட்டார்கள். அவர்கள் கொடுத்த புகாரின் பேரில் அக்டோபர் 23ஆம் தேதி ரகசியப் போலீஸ் அவரைக் கைது செய்தது. பெர்லின் யூதர்களை ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பத் தொடங்கி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டைச் சோதித்தபோது, யூதருக்கு உதவாதே என்று அரசு தரப்பு பரப்பிய துண்டறிக்கையை மறுத்து, ஞாயிறன்று பீடத்திலிருந்து வாசிப்பதற்காக அவர் எழுதி வைத்திருந்த அறிவிப்பு கிடைத்தது. 1942 மே மாதம் சிறப்பு நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பீடத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஜெபம் ஒரு குற்றமாக வழக்கேறியது. தண்டனை முடியும் காலத்தில், போர் முடியும்வரை பிரசங்கம் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டால் விடுதலை என்ற சமரசத்தை அவருடைய ஆயர் சிறைக்கு எடுத்துவந்தார். லிக்டன்பெர்க் அதற்கு மாறாக, நாடுகடத்தப்பட்ட யூதர்களோடு லோட்ஸ் நகர முகாமுக்குத் தம்மை அனுப்பும்படி கேட்டார். அவரை டாஹாவ் வதைமுகாமுக்குக் கொண்டுபோக உத்தரவாயிற்று. உடல் தாங்கவில்லை. போகும் வழியில், ஹோஃப் என்ற ஊர் மருத்துவமனையில், 1943 நவம்பர் 5ஆம் தேதி உயிர் பிரிந்தது. 1996இல் பெர்லினில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

அந்த மூன்று ஆண்டு மாலை ஜெபங்கள் ஒரு ரயிலையும் நிறுத்தவில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அவை ஒரு மனிதரை மாற்றின. 1938இல் அவர்களுக்காக ஜெபித்தவர், தண்டனை முடியும்போது அவர்களோடு போக அனுமதி கேட்கிறார். தினமும் பெயர் சொன்ன ஜனத்தை விட்டு அவரால் தனியே பிழைத்திருக்க முடியவில்லை. ஜெபம் ஒரு சமூகத்தின் மனசாட்சியில் என்ன செய்கிறது என்பது சர்வாதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் அவர்கள் ஆலயத்துக்குள் ஆள் வைத்துக் கேட்கிறார்கள்.

அதே காலத்தில் லுத்தரன் போதகர் டீட்ரிக் பான்ஹோஃபர், ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் நடத்திய இறையியல் பள்ளியை ரகசியப் போலீஸ் 1937இல் மூடியது. அங்கே வாழ்ந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நூல் 1939இல் வந்தது. நான் ஒருவருக்காக ஜெபித்துக்கொண்டே அவரை வெறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அதில் அவர் அழுத்திச் சொல்லும் கருத்து. பிறருக்கான ஜெபத்தை ஒவ்வொருவரும் அன்றாடம் செலுத்த வேண்டிய கடமை என்றும், பொத்தாம் பொதுவாக இல்லாமல் குறிப்பிட்ட ஆளுக்காக, குறிப்பிட்ட தேவைக்காகச் செய்ய வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். பிறகு டேகல் சிறையில் இருந்தபோது, 1943 கிறிஸ்துமஸை ஒட்டிச் சக கைதிகளுக்கென்று ஜெபங்கள் எழுதிக் கொடுத்தார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

இத்தனையும் சரி, ஜெபித்தால் நடக்கிறதா என்று உங்கள் சபையில் படித்த இளைஞர் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். 1872இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லா ஆலயங்களிலும் ஞாயிறுதோறும் ஆயுளுக்காக ஜெபிக்கப்படுகிற அரச குடும்பத்தாரின் சராசரி வயது 64.04 என்றும், வசதி படைத்த வகுப்பாரிலேயே அதுதான் குறைவு என்றும் காட்டினார். 2006இல் அமெரிக்காவில் பென்சன் தலைமையிலான மருத்துவர்கள், இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், ஜெபிக்கப்பட்டவருக்குச் சிக்கல் ஏற்பட்டது 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவருக்கு 51. நிச்சயமாக உமக்காக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59.

இந்த எண்களைக் கண்டு நாம் பதற வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. அந்த ஆய்வில் ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும் தரப்பட்டன. சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒரே வாசகம் எல்லோருக்கும் தரப்பட்டது. 14 நாள் என்று வரையறை இருந்தது. ஆய்வு முறைக்கு அது தேவை. ஆனால் கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேருக்கும் அவன் யாரென்று தெரியும். அவன் பாரம் அவர்கள் தோளில் இருந்தது. அளவுகோலுக்குள் அடங்கும்படி ஜெபம் கத்தரிக்கப்பட்டபோது இந்தத் தோள் வெளியே விழுந்துவிட்டது.

இன்னொன்றையும் நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தும் குழந்தை இறந்தது. பேதுருவின் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசுவே ஜெபித்தார். அன்றிரவே பேதுரு மூன்று தடவை மறுதலித்தார். ஆண்டவரின் ஜெபம் வீணாயிற்றா? இல்லை. விழுகையைத் தடுப்பதற்கு அவர் கேட்கவில்லை. விழுந்தபின் திரும்பி வந்து சகோதரரைத் திடப்படுத்தவே கேட்டார். பேதுரு அழுதுகொண்டே வெளியே போனார், யூதாஸ் போன வழியில் போகவில்லை. நாம் ஒருவருக்காக ஜெபிக்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதை இந்த இடத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். குணமாகட்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். குணமாகாவிட்டாலும் அவர் கைவிடப்பட்டவராக உணராதபடி நம்மில் ஒருவர் அருகில் இருக்கட்டும் என்றும் கேளுங்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் கேட்கிறவராகவே இருப்பார்.

ஜெபித்தும் பிள்ளை பிழைக்காத தாயிடம் போய், உன் விசுவாசம் குறைவு என்று சொல்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அதைப்போலக் கொடுமை வேறில்லை. ஜெபிக்கிறோம், மாத்திரையை நிறுத்து என்று சொல்வதும் அப்படியே. யாக்கோபு மூப்பர்களைக் கூப்பிடச் சொன்னார். வைத்தியனை விரட்டச் சொல்லவில்லை.

வாட்ஸ்அப் ஜெபக் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் விபத்துச் செய்தி வந்தவுடன் நூறு பேர் முழங்காலில் நிற்க அவை உதவுகின்றன. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் “ஜெபத்துக்காகச் சொல்கிறேன்” என்ற முன்னுரையோடு ஒரு வீட்டுப் பெண்ணின் மனமுறிவும், ஒரு வாலிபனின் குடிப்பழக்கமும், கணவன் மனைவி வழக்கும் ஊர் முழுவதும் போகின்றன. தன் பெயர் அங்கே வந்ததை அறிந்த நாளிலிருந்து ஆலயத்துக்கு வராமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் அவர் பாரத்தைப் பொதுவில் வைக்காதீர்கள். ஆண்டவருக்குப் பெயர் மட்டும் போதும். குழுவுக்கு அதுகூட வேண்டாம்.

அன்றாடம் என்று சொன்னேன். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுக்கும் வழக்கம் நம் தாய்மாரிடம் இருந்தது. அந்த அரிசியைப் பாத்திரத்தில் போடும்போது ஒரு மிஷனரியின் பெயரையோ ஒரு கிராமத்தின் பெயரையோ சொல்லிப் போட்டவர்கள் உண்டு. அடுப்படிதான் அவர்களுக்குப் பீடம். உலக ஜெப நாளும் பெண்கள் தொடங்கி வளர்த்ததுதான். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் வெள்ளியன்று, ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிக் கொடுத்த வழிபாட்டை வைத்து உலகெங்கும் ஜெபிக்கிறார்கள். முன்பின் பார்த்திராத நாட்டுத் தாயின் கவலையை அவளுடைய சொல்லாலேயே ஆண்டவரிடம் எடுத்துச் செல்கிற இந்த ஏற்பாட்டை நம் ஆண்கள் ‘மாதர் சங்கத்து நிகழ்ச்சி’ என்று ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மாணவ மாணவியரே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர்களை எழுதுங்கள். ‘நோயாளிகள்’, ‘ஏழைகள்’ என்று எழுதாதீர்கள். வீட்டாருக்கும் சபையாருக்கும் பக்கங்கள் இருக்கட்டும். உங்களோடு பேச்சில்லாதவருக்கு ஒரு பக்கம் வையுங்கள். வேறு சாதி, வேறு மதம், வேறு கட்சி என்று நம் ஊர் உங்களைப் பிரித்து வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் வையுங்கள். அவர்கள் மனம் மாறி நம்மிடம் வர வேண்டும் என்று மட்டும் கேட்காமல், அவர்கள் வீட்டில் இன்று அடுப்பெரிய வேண்டும், அவர்கள் பிள்ளை தேற வேண்டும் என்றும் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரு கூட்டுகிறவரின் பெயரைக் கேட்க நீங்கள் நின்ற அந்த நிமிஷத்திலேயே ஜெபம் தொடங்கிவிடுகிறது. அடுத்த ஞாயிறு உங்கள் சபையில் ஏறெடுக்கப்படும் மன்றாட்டில், அந்தச் சபையின் பதிவேட்டில் இல்லாத ஒருவருடைய பெயராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.